ஸ்ட்ரிப் ரீடரை செட் செய்வது முதல் ரிசல்ட் கொடுப்பது வரை: சின்ன லேபுக்கான முழுமையான வழிகாட்டி

எலைசா என்பது ரத்தத்தில் உள்ள ஒரு பொருளை நிறமாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் டெஸ்ட், சின்னச் சின்னக் குழிகளில் நடக்கும். அந்தக் குழிகளைப் படிக்கும் ஸ்ட்ரிப் ரீடருக்கு உண்மையில் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு குழியின் வழியாக எவ்வளவு வெளிச்சம் கடந்து போனது என்பது. அது டிஎஸ்எச்சா (தைராய்டு டெஸ்ட்), டெங்குவா, ஸ்டாண்டர்டு (அளவு முன்பே தெரிந்த திரவம்) எந்தக் குழியில் இருக்கிறது, நோயாளியின் சீரம் எந்தக் குழியில் இருக்கிறது, எதுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நம்பி அது கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். லேம்ப் போனால் மெஷினே எரர் காட்டி நின்றுவிடும். ஆனால் ஒரு டெஸ்ட்டைத் தப்பான மோடில் (கணக்கு முறையில்) சேவ் செய்து வைத்திருந்தால், மாதக்கணக்கில் தப்பான எண்ணை அழகாகப் பிரிண்ட் அடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. அதனால்தான் இங்கே பட்டன் அழுத்துவதைவிட செட்டிங்குக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு தைராய்டு சாம்பிள், ஐப்பசி கார்த்திகை மழையில் கொஞ்சம் டெங்கு ஐஜிஎம் (டெங்குவுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்), இப்படி ஓடுகிற லேபை மனதில் வைத்து எழுதுகிறேன். 96 குழி பிளேட் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கும் பெரிய ரீடர் அங்கே தேவையில்லை, 8 குழி ஸ்ட்ரிப் இரண்டு மூன்றை வைத்துப் படிக்க ஸ்ட்ரிப் ரீடரே போதும். ஸ்டாட் ஃபேக்ஸ் மாதிரி ஒரு மாடலோ வேறு கம்பெனி மெஷினோ, மெனுவின் பெயர்கள் மாறும், உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

எங்கே வைப்பது

ஆடாத, மட்டமான மேஜை வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் அதே மேஜையில் வைக்காதீர்கள், அந்த அதிர்வு ரீடிங்கில் தெரியும். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது, கை கழுவும் சிங்க்கின் பக்கமும் வேண்டாம். யூபிஎஸ் கட்டாயம், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரப்பதத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபில்டர்கள் மெல்லிய பூச்சு பல அடுக்காகப் பூசிய கண்ணாடிகள், ஈரம் ஏறினால் ஓரத்திலிருந்து மங்க ஆரம்பிக்கும், அப்போது அந்த ஒரு அலைநீளத்தில் மட்டும் ரீடிங் தடுமாறும். ஏசி அறையில் வைத்து, வேலை முடிந்ததும் உறை போட்டு மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

காலையில் வந்ததும் ஆன் செய்துவிடுங்கள். ஹாலஜன் லேம்ப் உள்ள மெஷின் நிலைக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இன்குபேஷன் முடிகிற நேரத்தில் ஓடிப்போய் ஆன் செய்து உடனே படித்தால், முதல் ஸ்ட்ரிப்புக்கும் கடைசி ஸ்ட்ரிப்புக்கும் நடுவே லேம்ப்பின் வெளிச்சமே மாறியிருக்கும். எல்ஈடி வைத்த புது மெஷின்களுக்கு இவ்வளவு நேரம் வேண்டியதில்லை, மேனுவலில் சொன்னபடி செய்யுங்கள்.

ஃபில்டர் எதை எடுப்பது

பெரும்பாலான ஸ்ட்ரிப் ரீடர்களில் 405, 450, 492, 630 நானோமீட்டர் என்று நான்கு ஃபில்டர்கள் இருக்கும். எதை எடுப்பது என்பதை முடிவு செய்வது கிட்டில் இருக்கும் சப்ஸ்ட்ரேட், அதாவது என்சைம் பட்டதும் நிறம் மாறும் திரவம். 1971ல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் எலைசா முறையை வெளியிட்டபோது அவர்கள் பயன்படுத்திய என்சைம் ஆல்கலைன் பாஸ்படேஸ். அந்த என்சைமுக்கு இன்று வழக்கமாகப் போடும் பிஎன்பிபி சப்ஸ்ட்ரேட் மஞ்சளாக மாறும், அதைப் படிப்பது 405ல். இப்போது லேபுக்கு வரும் கிட்களில் பெரும்பாலானவை பெராக்ஸிடேஸ் என்சைமும் டிஎம்பி சப்ஸ்ட்ரேட்டும். டிஎம்பி முதலில் நீலமாக வரும், ஆசிட் ஊற்றி நிறுத்தினால் மஞ்சளாகும், அந்த மஞ்சளை 450ல் படிக்க வேண்டும். ஓபிடி சப்ஸ்ட்ரேட் என்றால் ஆசிடுக்குப் பிறகு ஆரஞ்சு நிறம், அதற்கு 492.

630 எதற்கு என்று நிறைய பேருக்குக் குழப்பம். அது ரெஃபரன்ஸ் ஃபில்டர். மஞ்சள் நிறம் 630ல் வெளிச்சத்தை உறிஞ்சாது, ஆனால் குழியின் அடியில் உள்ள கீறல், கைரேகை, பிளாஸ்டிக்கின் மங்கல் இவை 450, 630 இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு தெரியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அழுக்கு கழிந்து நிறம் மட்டும் மிஞ்சும். அதனால் கிட் வேண்டாம் என்று சொல்லாத வரை, டிஎம்பி டெஸ்ட்டுக்கு 450 முதன்மை, 630 ரெஃபரன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டாப் சொல்யூஷன் ஊற்றிய பிறகு குழியில் சரியாகக் கலக்காமல் அடியில் பச்சை நிறம் தங்கிவிட்டால், அந்த மிச்ச நீலத்தை 630 நன்றாகவே பிடிக்கும். மெஷின் அதை அழுக்கு என்று நினைத்துக் கழித்துவிடும். அழுத்தமான பாசிட்டிவ் சாம்பிள்கூடக் குறைவாகக் காட்டுவது இப்படித்தான். ஸ்டாப் ஊற்றியதும் பிரேமை லேசாகத் தட்டி, எல்லாக் குழியும் சுத்த மஞ்சளாக ஆகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

பிளாங்க்

பிளாங்க் என்பது மற்ற எண்களிலிருந்து கழிப்பதற்காக எடுக்கும் அடிப்படை ரீடிங். அதில் இரண்டு வகை. காலிக் கேரியர் (ஸ்ட்ரிப் வைக்கும் தட்டு) வழியாகவோ வெறும் காற்று வழியாகவோ எடுப்பது ஏர் பிளாங்க், பல மெஷின்கள் ஒவ்வொரு முறையும் தானே எடுத்துக்கொள்ளும். ரீஏஜென்ட் பிளாங்க் என்பது சப்ஸ்ட்ரேட்டும் ஸ்டாப்பும் மட்டும் ஊற்றிய ஒரு குழி. கிட் பிளாங்க் கேட்டால் முதல் குழியில், அதாவது ஏ1ல் வைத்து, மெனுவிலும் ‘பிளாங்க் உண்டு’ என்று சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மெனுவில் பிளாங்க் உண்டு என்று இருந்து, நீங்கள் ஏ1ல் ஜீரோ ஸ்டாண்டர்டை வைத்திருந்தால், மெஷின் அதையே பிளாங்காக எடுத்துக் கழிக்கும், அதற்கு அடுத்த குழிகள் எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும். முழு ரன்னும் வீண்.

ரீஏஜென்ட் பிளாங்கின் ஓ.டி. (குழி எவ்வளவு வெளிச்சத்தைத் தடுத்தது என்ற எண்) 0.1க்குக் கீழே இருப்பதுதான் வழக்கம். அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் சப்ஸ்ட்ரேட் கெட்டுப்போகிறது என்று அர்த்தம். டிஎம்பி பாட்டிலிலேயே லேசான நீலம் தெரிந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

மோட் தேர்வு: கவனம் முழுவதும் இங்கே வேண்டும்

மெனுவில் பொதுவாக இவை இருக்கும்: வெறும் ஓ.டி., ஒரே ஸ்டாண்டர்டு, பாயின்ட் டு பாயின்ட் (பக்கத்துப் பக்கத்து ஸ்டாண்டர்டுகளை இணைத்துக் கணக்கிடுவது), லீனியர் ரெக்ரஷன் (எல்லாவற்றுக்கும் ஒரே நேர்கோடு), கட்-ஆஃப் (ஒரு எல்லைக்கு மேலா கீழா என்பது). சில மெஷின்களில் வளைந்த கோட்டுக்கான லாக் லாஜிட்டோ 4பிஎல்லோ கூட இருக்கும். ஒரு டெஸ்ட்டுக்கு எது என்பது கிட்டுடன் வரும் காகிதத்தில் எழுதியிருக்கும். பழைய டெஸ்ட்டை காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றி சேவ் செய்யும் பழக்கம் பல லேப்களில் இருக்கிறது, ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிஎஸ்எச்சை எடுத்துக்கொள்வோம். ஒரு கிட்டில் ஸ்டாண்டர்டுகள் 0, 0.5, 2.5, 5, 10, 20 என்று இருக்கின்றன, அவற்றின் ஓ.டி. முறையே 0.03, 0.10, 0.40, 0.75, 1.40, 2.30 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக ஏற்றம் குறைகிறது, கோடு வளைகிறது. எலைசாவின் இயல்பே அதுதான். இப்போது இதை லீனியர் ரெக்ரஷன் மோடில் போட்டால் மெஷின் ஆறு புள்ளிக்கும் நடுவில் ஒரு நேர்கோட்டை இழுக்கும். ஆர் மதிப்பு (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.994 என்று வரும். பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அதே கோட்டில் 0.5 ஸ்டாண்டர்டின் ஓ.டி.யான 0.10ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மைனஸ் 0.05 வருகிறது. டிஎஸ்எச் மைனஸில் இருக்க முடியுமா?

அடுத்து நோயாளி ஒருவரின் ஓ.டி. 0.13 என்று வைப்போம். பாயின்ட் டு பாயின்ட்டில் அது 0.7, நார்மல். அதே சீரம், அதே ஓ.டி., ரெக்ரஷன் மோடில் 0.21. பார்க்கிற டாக்டர் ஹைப்பர் தைராய்டு என்று நினைத்து அடுத்தடுத்த டெஸ்ட் எழுதுவார், ஏற்கெனவே தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டோஸைக் குறைப்பார். ரசாயனம் சரி, பைபெட்டிங் சரி, மெஷின் சரி. மெனுவில் ஒரே ஒரு வரி தப்பு.

அதனால் ஆர் மதிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். புது டெஸ்ட் செட் செய்ததும் ஸ்டாண்டர்டுகளையே சாம்பிளாக நினைத்துத் திருப்பிக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொன்றும் தன் மதிப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும், அதுவும் கீழ் முனையில் உள்ளவை கண்டிப்பாக வர வேண்டும். பாயின்ட் டு பாயின்ட் என்றால் அது தானாகவே சரியாக வரும், அங்கே வேறு விதமாகச் சோதிக்க வேண்டும்: ஒரு சாம்பிளைக் கையால் கணக்குப் போட்டு மெஷின் சொன்னதோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன எண்களில் ஒரு சாம்பிள் 0.54 வந்தால், அது 0.40க்கும் 0.75க்கும் நடுவில் இருக்கிறது. 0.14ஐ 0.35ஆல் வகுத்தால் 0.4. 2.5க்கும் 5க்கும் இடைவெளி 2.5, அதில் 0.4 பங்கு 1. ஆக 3.5. மெஷினும் 3.5 சொன்னால் அது உங்கள் ஸ்டாண்டர்டுகளைச் சரியான வரிசையில் புரிந்துகொண்டிருக்கிறது. 3.8 சொன்னால், அது ரெக்ரஷன் மோடில் உட்கார்ந்திருக்கிறது. மெஷினில் 4பிஎல் இருந்து கிட்டும் அதை ஏற்றுக்கொண்டால் அதையே எடுங்கள், வளைந்த கோட்டுக்கு அதுதான் பொருத்தம். இல்லையென்றால் என் ஓட்டு பாயின்ட் டு பாயின்ட்டுக்கு.

டி4 (தைராக்ஸின் ஹார்மோன்) மாதிரி காம்பெடிடிவ் டெஸ்ட்டில், அதாவது சாம்பிளில் உள்ளதும் கிட்டில் உள்ளதும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் டெஸ்ட்டில், எல்லாம் தலைகீழ்: ஜீரோ ஸ்டாண்டர்டுக்குத்தான் ஓ.டி. அதிகம், அளவு கூடக்கூட நிறம் குறையும். ஸ்டாண்டர்டு மதிப்பை ஏறுவரிசையிலேயே டைப் செய்து, குழிகளையும் அதே வரிசையில் வையுங்கள். ஓ.டி. இறங்குவதைப் பார்த்து யாராவது வரிசையை மாற்றிவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

கட்-ஆஃப் டெஸ்ட்கள்

டெங்கு, ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி) போன்றவற்றில் அளவு வேண்டியதில்லை, பாசிட்டிவா நெகட்டிவா என்பதுதான் கேள்வி. கட்-ஆஃப் சூத்திரம் கிட்டுக்குக் கிட் மாறும். சிலவற்றில் நெகட்டிவ் கண்ட்ரோல் (நெகட்டிவ் என்று முன்பே தெரிந்த சாம்பிள்) சராசரியுடன் ஒரு எண்ணைக் கூட்ட வேண்டும், சிலவற்றில் பெருக்க வேண்டும், சிலவற்றில் காலிபிரேட்டர் என்று தனியாக ஒன்று வரும். அரசு மருத்துவமனைகளுக்கு வரும் புனே என்ஐவி (தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம்) டெங்கு கிட்டின் சூத்திரத்தைத் தனியார் கிட்டுக்குப் போட முடியாது, ஒரு கம்பெனியின் டெங்குவை இன்னொரு கம்பெனிக்கும் போட முடியாது.

பான்பயோ டெங்கு ஐஜிஎம் கிட்டில் கணக்கு இப்படி: காலிபிரேட்டர் சராசரியை அந்த லாட்டுக்கான (தயாரிப்புத் தொகுதிக்கான) ஃபேக்டரால் பெருக்கினால் கட்-ஆஃப். சாம்பிள் ஓ.டி.யைக் கட்-ஆஃபால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் யூனிட். 9க்குக் கீழே நெகட்டிவ், 11க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் சந்தேகம். உதாரணத்துக்கு காலிபிரேட்டர் சராசரி 0.80, ஃபேக்டர் 0.62 என்றால் கட்-ஆஃப் 0.496. சாம்பிள் 0.62 வந்தால் 12.5 யூனிட், பாசிட்டிவ். மெஷினில் பழைய லாட்டின் ஃபேக்டர் 0.75 அப்படியே கிடந்தால் கட்-ஆஃப் 0.60 ஆகும், அதே சாம்பிள் 10.3 யூனிட், சந்தேகம் என்று வந்து நிற்கும். புதுப் பெட்டி உடைத்ததும் முதல் வேலை லாட் நம்பர், ஃபேக்டர், கண்ட்ரோல் ரேஞ்ச், ஸ்டாண்டர்டு மதிப்புகள் இவற்றை மெஷினில் உள்ளதோடு ஒப்பிடுவது. ஸ்டாண்டர்டு மதிப்புகூட லாட்டுக்கு லாட் கொஞ்சம் நகரும்.

புது டெஸ்ட் சேவ் செய்யும் வரிசை

கிட் காகிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, முதலில் டெஸ்ட் பெயரைக் கம்பெனியின் சுருக்கத்தோடு போடுங்கள். வெறும் ‘டிஎஸ்எச்’ என்று போட்டால் நாளைக்கு வேறு கம்பெனி கிட் வாங்கும்போது குழப்பம். அப்புறம் மோட், முதன்மை ஃபில்டர், ரெஃபரன்ஸ் ஃபில்டர், பிளாங்க் உண்டா இல்லையா, யூனிட், எத்தனை ஸ்டாண்டர்டு, ஒவ்வொன்றின் மதிப்பு, டூப்ளிகேட்டா ஒற்றையா, கண்ட்ரோல் எத்தனை, அவற்றின் ரேஞ்ச், கடைசியாக நார்மல் அளவு. யூனிட்டில் நானோகிராமா மைக்ரோகிராமா, மில்லிக்கா டெசிலிட்டருக்கா என்று இரண்டு முறை பாருங்கள். ஸ்ட்ரிப் 8 குழியா 12 குழியா என்பதும் பல மெஷின்களில் கேட்கும். சேவ் செய்தபின் செட்டிங் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, இன்னொருவரை விட்டுக் கிட் காகிதத்தோடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். டைப் செய்தவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது.

படிக்கும் நேரம்

பைபெட்டிங்குக்கு முன்பே ஒரு தாளில் குழி வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள், எந்தக் குழியில் யார் என்று. ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் உள்ள காதில் மார்க்கரால் எண் எழுதுங்கள், அடிப்பக்கத்தில் எழுதினால் வெளிச்சப் பாதையை மறைக்கும். ஸ்ட்ரிப்பைத் திருப்பி வைத்தால் எட்டாவது ஆள் முதல் ஆளாகிவிடுவார், ஆகவே ஏ பக்கம் எது என்று தெரியும்படி ஒரு அடையாளம் இருக்கட்டும்.

ஸ்டாப் ஊற்றியபின் கிட் சொன்ன நேரத்துக்குள், பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். அடிப்பக்கத்தைப் பஞ்சு நூல் விடாத டிஷ்யூவால் துடையுங்கள். நீர்க்குமிழி இருந்தால் சுத்தமான ஊசி முனையால் உடையுங்கள், குழிக்குக் குழி ஊசியை மாற்றுங்கள். குமிழி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், 630 கழித்தல் அதை முழுவதும் சரிசெய்யாது. ஸ்ட்ரிப் கேரியரில் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டு ஆசிட் சிந்தும். சிந்திவிட்டால் மெஷினை ஆஃப் செய்து, லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். ஹைப்போவை (பிளீச் கரைசலை) மெஷினுக்குள் ஸ்பிரே செய்யவே கூடாது.

ரிசல்ட் வந்ததும் நோயாளி எண்ணுக்குப் போகாதீர்கள். முதலில் பிளாங்க், அடுத்து ஸ்டாண்டர்டுகள் வரிசையாக ஏறுகிறதா இறங்குகிறதா, அடுத்து கண்ட்ரோல் ரேஞ்சுக்குள் இருக்கிறதா, அடுத்து டூப்ளிகேட்கள் ஒத்துப்போகிறதா. 1.10, 1.20 என்று இரட்டை வந்தால் சிவி (சராசரியோடு ஒப்பிட்ட சிதறல்) சுமார் 6 சதவீதம், ஏற்கலாம். 0.40, 0.60 என்றால் 28 சதவீதம், அந்தச் சாம்பிளைத் திரும்பப் போட வேண்டும், சராசரி எடுத்து மறைக்கக்கூடாது. கண்ட்ரோல் வெளியே போயிருந்தால் அந்த ரன்னில் எந்த ரிப்போர்ட்டும் வெளியே போகக்கூடாது, நோயாளி வாசலில் காத்திருந்தாலும் சரி.

ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் சென்சாரை அடைகிறது. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு, 2 என்றால் நூறில் ஒரு பங்கு. மேலே போகப் போகச் சின்னச் சிதறல் வெளிச்சம்கூடப் பெரிய பிழையாகிவிடும். அதனால் கடைசி ஸ்டாண்டர்டைத் தாண்டிய சாம்பிளுக்கு மெஷின் கோட்டை நீட்டி ஏதோ எண் கொடுத்தாலும் எழுதாதீர்கள். ‘20க்கு மேல்’ என்று எழுதுங்கள், அல்லது கிட் அனுமதித்தால் ஜீரோ ஸ்டாண்டர்டில் சீரத்தை டைல்யூட் செய்து திரும்பப் போடுங்கள். ஏற்கெனவே மஞ்சளான குழியில் தண்ணீர் ஊற்றி டைல்யூட் செய்வதில் பயனில்லை: ரீடர் மேலிருந்து கீழாகப் படிக்கிறது, திரவம் கூடினால் பாதையும் நீளும், ஓ.டி. ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

மெஷின் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்ப்பது

சர்வீஸ் இன்ஜினியர் வருடத்துக்கு ஒருமுறை வந்து நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் (வெளிச்சத்தைத் தெரிந்த அளவு குறைக்கும் கண்ணாடி) வைத்து அளவு பார்ப்பார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மஞ்சளான ஒரு ஸ்ட்ரிப்பை எடுக்காமலேயே தொடர்ந்து ஐந்து முறை படியுங்கள், எண்கள் மூன்றாவது தசமத்தில் மட்டும் ஆட வேண்டும். பிறகு ஸ்ட்ரிப்பைத் திருப்பி வைத்துப் படியுங்கள், ஒவ்வொரு குழியும் தன் பழைய எண்ணையே காட்ட வேண்டும். குழி மாறியும் ஒரே இடத்தில் மட்டும் எண் தாழ்ந்தால் கேரியர் நகர்வதில் கோளாறு. நேர்கோட்டுத் தன்மைக்கு டார்ட்ராசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, பாதி, கால், அரைக்கால் என்று டைல்யூட் செய்து, எல்லாக் குழியிலும் சரியாக 200 மைக்ரோலிட்டர் ஊற்றி 450ல் படியுங்கள். பிளாங்கைக் கழித்தபின் ஓ.டி.யும் பாதி பாதியாக இறங்க வேண்டும். அடர்த்தியான குழி மட்டும் குறைவாகக் காட்டினால், உங்கள் மெஷின் எந்த ஓ.டி. வரை நம்பத் தகுந்தது என்று அதுவே சொல்லிவிடுகிறது, அந்த எண்ணை மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

பிரிண்ட் தெர்மல் பேப்பரில் வருகிறதென்றால் சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், அல்லது கம்ப்யூட்டரோடு இணைத்து ஃபைலாகச் சேமியுங்கள். ரிசல்ட்டை மட்டுமல்ல, ஒவ்வொரு குழியின் வெறும் ஓ.டி.யையும், லாட் நம்பரையும், கண்ட்ரோல் எண்ணையும் சேர்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு டாக்டர் மூன்று மாதம் கழித்துப் போன் செய்து அந்த டிஎஸ்எச் எப்படி வந்தது என்று கேட்டால், அன்றைய ஸ்டாண்டர்டுகளை எடுத்துக் கையால் கணக்குப் போட்டு அவருக்குப் பதில் சொல்ல முடியும்.